கிணறு இல்லாத ராட்டினம்

என் வீட்டுப் பின்பக்கத் தாழ்வாரத்தின் விட்டத்தில் ஓர் இரும்பு ராட்டினம் தொங்குகிறது. கிணற்றில் தண்ணீர் இறைக்கிற ராட்டினம். என் வீட்டில் கிணறு கிடையாது, குழாய்த் தண்ணீர்தான். ராட்டினத்துக்கு நேர் கீழே சிமென்டுத் தரையும் அதில் என் செருப்பும்தான் இருக்கின்றன. வருகிறவர்கள் ஒரு முறை அண்ணாந்து பார்ப்பார்கள். பழைய இரும்பு வாங்க வருகிறவர் மட்டும் இரண்டு முறை பார்ப்பார். சக்கரத்தின் பள்ளத்தில் கயிறு ஓடி ஓடித் தேய்ந்த இடத்தில் துரு ஏறிவிட்டது. மேலே இருக்கிற கொக்கி மட்டும் புதியது, நான் போட்டது. இதை எனக்குக் கொடுத்தவரை நாங்கள் ஊர்க்காரர் என்று அழைத்தோம். அவர் நீட்டியபோது நான் கையை நீட்டவில்லை. ஒரு மனிதன் ஒன்றைச் சும்மா கொடுத்தால் அதற்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று பார்ப்பது அன்றைய என் பழக்கம்.

எட்டாம் வகுப்புப் பாதியில் படிப்பை விட்டவன் நான். பண்ருட்டியில் மல்லாட்டை என்கிற நிலக்கடலை மூட்டை தூக்கினேன். நெல்லிக்குப்பத்தில் சர்க்கரை ஆலைக்கு வரும் வண்டிகளிலிருந்து கரும்பு இறக்கினேன். ரயில் பாதையில் ஜல்லி கொட்டினேன். எங்கும் ஒரு வருஷத்துக்கு மேல் தங்கியதில்லை. தங்கினால் மனிதர்கள் பழகிவிடுவார்கள். பழகிவிட்டால் எந்த ஊர், யார் வீடு என்று கேட்பார்கள். அறுபதுகளின் தொடக்கத்தில் நெய்வேலிக்கு வந்தபோது அந்த இடம் எனக்குப் பிடித்துப்போனது. அங்கே யாரைக் கேட்டாலும் வேறொரு மாவட்டத்தைச் சொன்னார்கள். திருநெல்வேலிக்காரரும் கோயம்புத்தூர்க்காரரும் பக்கத்துப் பக்கத்துக் குவார்ட்டர்ஸில் இருந்துகொண்டு, ஒருவர் பேச்சை ஒருவர் பாதி புரிந்துகொண்டு வாழ்ந்தார்கள். எங்களுக்குக் குவார்ட்டர்ஸ் இல்லை. நாங்கள் கான்ட்ராக்ட் ஆட்கள். நிலக்கரிச் சுரங்கத்துக்கு அந்தப் பக்கம் கீற்றுக் கொட்டகையில் படுக்கை, சங்கு ஊதினால் வேலை.

எங்கள் வேலை வெட்டுகிற இயந்திரத்துக்கு முன்னால் போவது. சக்கரத்தில் வாளிகள் கோத்த அந்தப் பெரிய இயந்திரம் மண்ணை அறுத்து அறுத்துப் பெல்ட்டில் கொட்டிக்கொண்டு வரும். அது வந்து சேர்வதற்குள் வழியில் இருக்கும் எல்லாவற்றையும் எடுத்துவிட வேண்டும். பனை அடிக்கட்டை, முந்திரி வேர், வாசற்படிக் கல், கதவுக் கீல், உரல். மண்ணுக்குள் ஒரு துண்டு இரும்பு இருந்தாலும் பெல்ட்டைக் கிழித்துவிடும். "பெல்ட்டு கிழிஞ்சா எந்தலை கிழியும்டா" என்று மேஸ்திரி காலையும் மாலையும் சொல்வார். மக்கள் காலி செய்துவிட்டுப் போன ஊர்கள் அவை. சுவர்கள் இடிந்து, அடுப்புக் கரி மட்டும் மழையில் கரையாமல் இருக்கும். கிணறு இருந்தால் கைப்பிடிச் சுவரை இடித்து, உள்ளே இரும்பு இருக்கிறதா என்று பார்த்து, மண் போட்டு மூட வேண்டும். கிணறுகளில் தண்ணீர் இருக்காது. சுரங்கத்தில் தண்ணீர் ஏறாமல் இருக்க இரவும் பகலும் பம்புகள் ஓடின. அதில் சுற்றுவட்டாரக் கிணறுகளின் தண்ணீரும் இறங்கிப்போயிருந்தது.

எங்கள் ஆட்களில் அந்த மண்ணைச் சேர்ந்தவர் அவர் ஒருவர்தான். நாங்கள் காலி செய்துகொண்டிருந்தது அவருடைய ஊரையே. அதனால்தான் ஊர்க்காரர் என்று பெயர் வந்தது. ஊர் போய்க்கொண்டிருந்தது, பெயர் மட்டும் நின்றது. என்னைவிடப் பத்து வயது மூத்தவர். கூலி வேலை செய்த குடும்பம், சொந்த நிலம் கிடையாது. அதிர்ந்து பேச மாட்டார். பேசினால் 'அப்போ' என்றுதான் தொடங்குவார். அப்போ இங்கே ஒரு புளியமரம், அப்போ இந்த வழியாகத்தான் வண்டி வரும். இதில் சந்தேகப்பட ஒன்றும் இல்லை. நான் சந்தேகப்பட்டது அவருடைய சாப்பாட்டு நேரத்தை.

எல்லோரும் முந்திரி நிழலில் உட்கார்ந்து சாப்பிடும்போது அவர் தூக்குச்சட்டியை எடுத்துக்கொண்டு தெற்கே போவார். அங்கே, ஊரைவிட்டு ஒதுங்கிய தெருவில் ஒரு கிணறு இருந்தது. கைப்பிடிச் சுவரில் வயிற்றை அழுத்திக் குனிந்து உள்ளே பார்ப்பார். ஒரு கல்லை எடுத்துப் போடுவார். காதைச் சாய்த்துக் கேட்பார். பிறகு உட்கார்ந்து சாப்பிடுவார். ஒரு நாள் அல்ல, தினமும். ஒருமுறை நான் சத்தமில்லாமல் பின்னால் போய் நின்றேன். திடுக்கிட்டுத் திரும்பினார்.

"என்ன பாக்குறீங்க?"

"ஒண்ணுமில்லப்பா. தண்ணி சுத்தமா வத்திப்போச்சான்னு பாத்துகினு இருந்தேன்."

"அது வத்தி ரெண்டு வருஷம் ஆச்சாமே."

"ஆமா, ஆச்சி" என்று சொல்லிவிட்டுச் சட்டியை மூடிக்கொண்டு எழுந்து போனார். பாதிச் சோறு சாப்பிடாமல் இருந்தது. ஒரு மனிதன் பாதிச் சோற்றை மூடிவைத்தால் அதைவிடப் பெரிய ஒன்று அவன் மனதில் இருக்கிறது என்று நான் முடிவுகட்டினேன்.

மண் சுமக்கிற அக்கா ஒருத்தி இருந்தாள், குறிஞ்சிப்பாடிப் பக்கம். வாய்த் துடுக்கு அதிகம். "என்னாய்யா ஊர்க்காரரே, பொண்ணு பாக்கப் போறாப்புல தெனமும் போய் எட்டிப் பாத்துகினு வர? உள்ளேருந்து காப்பி தட்டு வருதா?" என்பாள். எல்லோரும் சிரிப்பார்கள். அவரும் சிரிப்பார். அந்தச் சிரிப்பையும் நான் நம்பவில்லை. ஊரைக் காலி செய்யும் அவசரத்தில் நகையைக் கிணற்றில் போட்டுவிட்டுப் போனவர்கள் உண்டு என்று கொட்டகையில் பேச்சு இருந்தது. ஒருவரும் கண்டதில்லை. ஆனாலும் பேச்சு இருந்தது.

கிணற்றின் முறை வருவதற்கு முந்திய நாள் நான் மேஸ்திரியிடம் போனேன். ஏன் போனேன் என்று இத்தனை வருஷம் கழித்து நேர்மையாகச் சொல்கிறேன். எனக்குப் பங்கு வேண்டும் என்பதற்காக அல்ல. அவருக்கு ஏதோ கிடைக்கப் போகிறது, அதை அவர் எங்களிடம் மறைக்கிறார் என்பதை என்னால் பொறுக்க முடியவில்லை. "அந்தக் கெணத்துல என்னமோ இருக்கு மேஸ்திரி. அவர் கண்ணு அங்கேயே இருக்கு" என்றேன். மேஸ்திரி பீடியைக் கீழே போட்டு மிதித்தார்.

மறுநாள் காலை ஊர்க்காரரை வடக்கே ஒரு பனை அடிக்கட்டை தோண்ட அனுப்பிவிட்டு, மேஸ்திரி என்னைக் கிணற்றடிக்குக் கூட்டிப்போனார். "எட்டாங்கிளாசு, நீயே எறங்கு. எழுத்து போட்ட பொட்டி கெடச்சா படிச்சிச் சொல்லலாம் பாரு" என்றார். முதலில் ஓர் அரிக்கேன் விளக்கைக் கொளுத்திக் கயிற்றில் இறக்கினோம். பாழுங்கிணற்றில் கெட்ட காற்று இருக்கும். விளக்கு அணைந்தால் ஆள் இறங்கக் கூடாது. விளக்கு எரிந்தது. இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு, சுவரில் இருந்த படிக்கற்களில் கால் வைத்து இறங்கினேன். பாதி ஆழம் போயிருப்பேன், மேலே யாரோ ஓடி வரும் சத்தம் கேட்டது.

"எறங்காத! வேணாம்பா, மேல வந்துடு! மேஸ்திரி, வேணாம்னு சொல்லுங்க, அத அப்பிடியே மூடிடலாங்க!"

அந்தக் குரலை நான் அதுவரை கேட்டதில்லை. வானம் ஒரு தட்டு அளவு தெரிந்தது. அதன் விளிம்பில் அவர் தலை. எனக்குச் சந்தோஷமாக இருந்தது. நான் நினைத்தது சரி என்று தெரிந்த சந்தோஷம். வேகமாக இறங்கினேன்.

அடியில் முழங்கால் அளவு சேறு. கையை விட்டுத் துழாவினேன். உடைந்த பானை ஓடுகள், ஒரு பித்தளை டம்ளர், ஒரு குழந்தையின் மரப்பாச்சி. பிறகு ஒரு தகர வாளி, ஒரு பக்கம் நசுங்கியது. வாளியின் பிடியில் மக்கிய கயிறு. கயிறு இன்னும் ஆழத்துக்குப் போயிற்று. இழுத்தால் வரவில்லை. இரண்டு கையையும் தோள் வரை விட்டு அசைத்து அசைத்து எடுத்தேன். வெளியே வந்தது இந்த ராட்டினம்.

"என்னடா?" என்று மேஸ்திரி கத்தினார்.

"ராட்டினம்!"

"வேற?"

"வேற ஒண்ணுமில்ல!"

மேலே ஏறி வந்தபோது மேஸ்திரி காறித் துப்பிவிட்டுப் போய்க்கொண்டிருந்தார். ஊர்க்காரர் தரையில் உட்கார்ந்திருந்தார். நான் ராட்டினத்தைக் கொண்டுபோய் அவர் முன்னால் வைத்தேன். அவர் சேற்றைத் துடைக்கவில்லை. கொக்கியை மட்டும் விரலால் தடவினார். கொக்கி ஊசி மாதிரி தேய்ந்து அறுந்திருந்தது. "தேஞ்சிருக்குது" என்றார். "தானா அறுந்து வுழுந்திருக்குது. தேஞ்சிதான் வுழுந்திருக்குது." அதையே நான்கைந்து முறை சொன்னார். அப்போதும் நான் வாளியைத் திருப்பித் தட்டிப் பார்த்தேன், அடியில் ஏதாவது ஒட்டியிருக்கிறதா என்று.

அன்று சாப்பாட்டு நேரத்தில் அவராகவே சொன்னார். ஊர்ப் பொதுக் கிணற்றில் அவர் தெரு ஆட்கள் கயிறு போடக் கூடாது. அதனால் தெருவே சேர்ந்து வெட்டிய கிணறு அது. தெருவே சேர்ந்து வாங்கிய ராட்டினம். பார்த்துக்கொள்ளும் பொறுப்பு இவருடையது. ஒன்பது வருஷத்துக்கு முன்னால் ஒரு விடியற்காலையில் ராட்டினத்தையும் கயிற்றையும் வாளியையும் காணவில்லை. குறுக்குக் கட்டை அப்படியே இருந்தது. முந்திய நாள் இவருடைய தம்பி ஒரு பழைய இரும்புக்காரனோடு பேசிக்கொண்டு நின்றதை இவர் பார்த்திருந்தார். தெரு முழுக்கக் கூடியிருக்க, தம்பியைப் பார்த்து, "எங்க வித்த?" என்று கேட்டுவிட்டார். தம்பிக்கு இருபது வயது. அவன் அழவில்லையாம், சண்டை போடவில்லையாம். "உள்ள வுழுந்திருக்கும்ணே. மேலத் தெருவுல பாதாளக் கரண்டி இருக்குது, நான் போய்க் கேட்டு வாங்கியாரேன், போட்டுப் பாக்கலாம்" என்றானாம். கிணற்றில் விழுந்த குடத்தைத் துழாவி எடுக்கிற கொக்கிக் கொத்துதான் பாதாளக் கரண்டி. இவர், "வித்துட்டு நாடகமாடறியா? அவங்க வாசல்ல போய் அதுக்கு வேற நிக்கணுமா?" என்றார். தம்பி அன்று மதியமே போய்விட்டான். நெல்லிக்குப்பத்தில் கரும்பு இறக்குகிறான் என்று பிறகு காதில் விழுந்தது. நெல்லிக்குப்பம் எத்தனை தூரம்? இரண்டு பஸ். ஒன்பது வருஷமாக இவர் போகவில்லை.

"தண்ணி வத்தி ரெண்டு வருஷம் ஆச்சே. நீங்களே எறங்கிப் பாத்திருக்கலாமே" என்றேன்.

"எறங்கறதுக்கு எவ்ளோ நேரம் ஆவும்? எறங்கலப்பா. அடியில ராட்டணம் இல்லன்னா எந்தம்பி திருடன். இருந்தா நான் பாவி. மேலேருந்து எட்டிப் பாத்துகினே இருக்கற வரைக்கும் ரெண்டும் இல்ல பாரு."

அந்தப் பேச்சு எனக்குப் பிடிக்கவில்லை. என் பழைய கதை அவருக்கு எப்படியோ தெரிந்துவிட்டதோ என்று தோன்றியது.

அடுத்த லீவு நாளில் என்னைக் கூட வரச் சொன்னார். நெல்லிக்குப்பம் கரும்பு யார்டில் நான் வேலை செய்தவன், இடம் காட்டுவேன் என்பது அவர் எண்ணம். நான் சம்மதித்தேன், ஆனால் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்காரவில்லை, அவர் பக்கமும் முதுகைக் காட்டவில்லை. மேஸ்திரியிடம் சொன்னது நான்தான் என்று இவருக்குத் தெரிந்திருந்தால்? எங்கோ கூட்டிப்போய்க் கணக்குத் தீர்க்கப் போகிறாரோ என்றுகூட நினைத்தேன். அவர் மடியில் சாக்கில் சுற்றிய ராட்டினம் இருந்தது. ஒரு மனிதன் தலையில் போட்டால் போதுமான கனம். பண்ருட்டியில் பஸ் மாறி, திருவதிகை தாண்டும்போது அவர் வெளியே பார்த்தபடியே சொன்னார்.

"மேஸ்திரிகிட்ட நீதான சொன்ன?"

நான் அவர் மடியிலிருந்த சாக்கைப் பார்த்தேன்.

"தெரியும்பா. மொதல்ல உன்ன வெட்டிப் போடலாம்னுதான் இருந்துச்சு. ரெண்டு நாளு. அப்புறம் நெனச்சேன், நீ கோள் சொல்லலன்னா அது மண்ணு மூடிப் போயிருக்கும். நான் சாவற வரைக்கும் தம்பியத் திருடன்னே சொல்லிகினு இருந்திருப்பேன்."

அப்போதுதான், யாரிடமும் சொல்லாததை நான் சொன்னேன். படிப்பதற்காக நான் மாமா வீட்டில் இருந்தேன். மாமாவின் கைக்கடிகாரம் ஒரு நாள் காணாமல் போயிற்று. "நீதான எடுத்தே?" என்று மாமா கேட்டார். நான் எடுக்கவில்லை. ஆனால் முந்திய வாரம் ஒரு நாள் அவருக்குத் தெரியாமல் அதைக் கட்டிக்கொண்டு பள்ளிக்கூடம் போய்த் திரும்ப வைத்திருந்தேன். அதனால் சத்தியம் செய்ய வாய் வரவில்லை. நின்றேன். நின்றதைப் பார்த்து அவர் முடிவுசெய்துவிட்டார். மறுநாள் கிளம்பியவன்தான். ஊர்க்காரர் கேட்டுக்கொண்டு, "அப்புறம் கெடச்சிதா?" என்றார். தெரியாது என்றேன். "போய்ப் பாக்கலியா?" என்றார். பார்க்கவில்லை என்றேன். அவர் மறுபடி ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். ஏதாவது சொல்லியிருந்தால் சண்டை போட்டிருப்பேன்.

தம்பி யார்டில்தான் இருந்தார். அண்ணனைப் பார்த்தார். ஒரு கட்டு கரும்பைத் தோளில் வைத்தபடியே கொஞ்ச நேரம் நின்றார். பிறகு வண்டியை முழுவதும் இறக்கி முடித்தார். எங்களை வெயிலில் நிற்க வைத்து, அடுத்த வண்டியையும் இறக்கி முடித்தார். மூன்றாவது வண்டிக்கு முன்னால்தான் முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்தார். ஊர்க்காரர் சாக்கை அவிழ்த்து ராட்டினத்தைக் காட்டினார். தயார் செய்து வந்திருந்த பேச்சு எதுவும் அவருக்கு வரவில்லை. "கொக்கி தேஞ்சிருந்துச்சுடா" என்றார். பிறகு, "திட்டுடா. எவ்ளோ வேணா திட்டு" என்றார்.

தம்பி ராட்டினத்தை வாங்கிச் சக்கரத்தைச் சுற்றிப் பார்த்தார். கிரீச்சிட்டு, அரைச் சுற்றில் நின்றது.

"எண்ணெ போட்டா ஓடும்" என்றார். "மொத ரெண்டு வருஷம் தெனமும் உன்னத் திட்டினேண்ணே. படுக்கறப்ப ஒரு வாட்டி, எழுந்திருக்கறப்ப ஒரு வாட்டி. அப்புறம் கரும்பு வண்டி வந்துகினே இருந்துச்சு. நேரமில்ல."

நான் அதை நம்பவில்லை. கோபத்தை அப்படி யாராவது விடுவார்களா? அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன், எங்கே வெறுப்பை மறைத்து வைத்திருக்கிறார் என்று. அவர் எங்களைச் சாப்பிடக் கூட்டிப்போனார். சோற்றைப் பிசைந்துகொண்டே, மனைவி உண்டாகியிருப்பதாகச் சொன்னார். "ஊருக்கு வாடா" என்றார் ஊர்க்காரர். "எந்த ஊருக்கு? அதான் நோண்டிகினு இருக்கீங்களே" என்றார் தம்பி. "நான் இருக்கறன்ல" என்றார் ஊர்க்காரர். தம்பி மீன் துண்டை எடுத்து அண்ணன் இலையில் வைத்தார். நல்ல துண்டு. அதில் மட்டும் எனக்குச் சந்தேகம் வரவில்லை. பசியோடு வேலை செய்கிறவன் நடுத்துண்டை இன்னொருவனுக்கு நாடகத்துக்காகக் கொடுக்க மாட்டான்.

திரும்பும்போது பஸ் நிறுத்தத்தில் ஊர்க்காரர் ராட்டினத்தை என்னிடம் நீட்டினார். தம்பி வேண்டாம் என்றுவிட்டாராம். "எனக்கெதுக்கு? எங்கூட்டுல பைப்பு இருக்குது. நீதான சேத்துல கையவுட்டு எடுத்த" என்றார். எனக்கெதற்கு, எனக்கு வீடே இல்லையே என்றேன். "அப்போ ஒரு வூடு கட்டு" என்றார். அவர் பேசிய 'அப்போ'வில் கழிந்துபோன காலம் இல்லாதது அதுதான் முதல் தடவை. பஸ் வந்துவிட்டது. அவர் கை வலிக்க நீட்டியபடியே நின்றார். வேறு வழியில்லாமல் வாங்கிக்கொண்டேன்.

அதன் பிறகு அவரிடம் ஒரு மாற்றம் தெரிந்தது. சாப்பாட்டு நேரத்தில் எங்களோடு உட்கார்ந்தார். அடுத்த பொங்கலுக்குத் தம்பி குடும்பத்தோடு வருகிறான், வாசலில் முருங்கை வைக்க வேண்டும், பெர்மனென்ட் ஆக்குகிறார்களா என்று போய்க் கேட்க வேண்டும் என்றெல்லாம் பேசினார். பொங்கலுக்குத் தம்பி வரவும் செய்தார். கிணறு இருந்த இடத்தை இயந்திரம் அறுத்துக்கொண்டு போன அன்று நாங்கள் இருவரும் அந்தப் பக்கம்தான் இருந்தோம். அவர் திரும்பிப் பார்ப்பார் என்று காத்திருந்தேன். அவர் அந்த மண் சுமக்கிற அக்காவிடம் முருங்கைக் கொம்பு கேட்டுக்கொண்டிருந்தார்.

நான் அப்படி உடனே மாறிவிட்டேன் என்று சொன்னால் அது பொய். நெய்வேலியை விட்டேன், இன்னும் இரண்டு மூன்று ஊர் அலைந்தேன். சாக்கில் ராட்டினமும் வந்தது. கனம் தோளை அறுக்கும்போதெல்லாம் எறிந்துவிடலாம் என்று நினைப்பேன், எறியவில்லை. அதை இறக்கி வைக்கிற ஒவ்வோர் இடத்திலும் அவர் கேட்டது ஞாபகம் வந்தது: போய்ப் பாக்கலியா? கடைசியில் போனேன். மாமா இறந்து நான்கு வருஷம் ஆகியிருந்தது. அத்தை என்னை அடையாளம் கண்டுகொள்ளக் கொஞ்ச நேரம் ஆயிற்று. கடிகாரத்தைப் பற்றி நானேதான் கேட்டேன்.

"அது மூணாம் நாளே கெடச்சிருச்சேப்பா. பரண்ல, பழைய கோட்டுப் பையில. ஒன்னைத் தேடி மாமா ரயில் ஸ்டேஷன் வரைக்கும் போனாரு. சாகுற வரைக்கும் ஒம்பேரச் சொல்லிக்கிட்டுத்தான் கெடந்தாரு."

பழைய பழக்கம் உடனே எழுந்தது. தேடினாரா? அல்லது இத்தனை வருஷம் கழித்து வந்தவன் மனம் நோகக் கூடாது என்று அத்தை சொல்கிறாளா? மூன்றாம் நாள் என்பது சரியா? ஸ்டேஷனில் யாரைக் கேட்டார்? கேட்டுப் பார்த்திருந்தால் அத்தை ஓரிடத்தில் தடுமாறியிருப்பாள். எனக்குத் தடுமாற வைக்கத் தெரியும். நான் கேட்கவில்லை. அத்தை கொடுத்த காப்பியைக் குடித்தேன். அன்றுதான் எனக்கு ஒரு வீடு வேண்டும் என்று முதன்முதலாகத் தோன்றியது. கட்டி முடிக்க இன்னும் ஆறு வருஷம் ஆனது.

இன்று காலை பழைய இரும்புக்காரர் மறுபடி வந்தார். "கெணறுதான் இல்லையே, எதுக்கு சார் வெச்சிருக்கீங்க?" என்றார். அவர் கண் ராட்டினத்திலேயே இருந்தது. முன்பானால், அதில் என்ன கண்டுவிட்டார் என்று முதலில் இவரைத்தான் சந்தேகப்பட்டிருப்பேன். சும்மாதான் என்று சொல்லி அனுப்பினேன். பிறகு ஸ்டூல் போட்டு ஏறிச் சக்கரத்தைச் சுற்றினேன். கிரீச்சிட்டு அரைச் சுற்றில் நின்றது. உள்ளே போய் எண்ணெய்க் கிண்ணத்தை எடுத்து வந்து, அச்சில் நான்கு சொட்டு விட்டு, மறுபடி சுற்றினேன். ஓடுகிறது.